தாமரைக்கு உறவு எது?



குளத்திலே தாமரையும் அல்லியும் அருகருகே மலர்ந்திருக்கக் காண்கிறோம். சேற்றில் வேரூன்றி, நீர்மேல் இலை பரப்பிப் பூக்கும் இவ்விரண்டையும் உடன்பிறந்தவை என்று எண்ணாதார் யார்? சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயசும் அவ்வாறே எண்ணினார். எர்மன் என்பவர் இலங்கையிற் சேகரித்த உலர் தாவரங்களைக் கொண்டு 1747ஆம் ஆண்டில் நம் நாட்டுத் தாவரங்களைப்பற்றி நூலெழுதியவர் அவர். 1753இல் வெளியிட்ட பெருநூலில் தாமரையை அல்லிச் சாதியிலேயே சேர்த்தார். பூவின் கேசரங்களை எண்ணி வகுப்புப் பிரிப்பது அவர் முறை. அது பெயரறிய உதவியது, உறவறியப் போதவில்லை.

தாவரங்களை அவற்றின் வமிசவழி நோக்கியே வகுத்தல் வேண்டுமென 1859இல் டார்வின் உரைத்தார். அப்படியாயின், ஒப்புமையெல்லாம் உறவாகுமா? ஒரே தொழில் செய்வோர் ஒரேவிதமாக உடுத்துவதனால் ஒரு தாய் மக்களாவரோ? நீர்வாழ்வு தந்த ஒப்புமை வேறு. மூதாதை தந்த ஒப்புமை வேறு.

இவற்றைப் பிரித்தறிய ஜெர்மானியப் பூச்சியியலறிஞர் எனிக் 1950இல் ஒரு விதி வகுத்தார். தொல்மூதாதையிடமிருந்து எல்லாக் கிளைகளும் பெற்ற பண்பு நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது. ஒரு கிளையிற் புதிதாகத் தோன்றி, அக்கிளையோர் மாத்திரம் பகிர்ந்துகொள்ளும் பண்பே சான்றாகும். அல்லியின் மகரந்தமணியில் ஒரு திறப்பே உண்டு. தாமரையினதில் பெரும்பாலும் மூன்று பிளவுகள் உள. இம்மூன்று பிளவும் பூக்குந் தாவரங்களின் ஒரு பெருங்கிளையிற் புதிதாகத் தோன்றிய அடையாளம். அக்கிளையைச் சேர்ந்தது தாமரை. அல்லியோ அதற்குப் புறம்பானது.

1993இல் நாற்பதுக்கு மேற்பட்ட அறிஞர்கள் ஒன்றுகூடி, 499 வித்துத் தாவரங்களின் பச்சையவுருமணியிலுள்ள ஒரே பரம்பரையலகை ஒப்பிட்டனர். அதன்படி தாமரைக்கு நெருங்கிய உறவு அல்லியன்று. குளிர்நாட்டுச் சாலைகளில் நிழல் தரும் பிளேன் மரமும், அதனோடொத்த சிலவுமே. 1998இல் வெளியான புதிய வகைப்பாடும் இதனை ஏற்றது. நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் கிரவீலியா மரமும் தாமரையின் உறவினரே!

இது வெறும் வியப்புக்குரிய செய்தியன்று. பயிரொன்றுக்கு நோயைத் தாங்கும் பண்பைத் தேடுவோர், அதன் உண்மையான காட்டுறவினரை அறிதல் வேண்டும். தோற்றத்தை நம்பி வேறிடஞ் சென்றால் உழைப்பெல்லாம் வீணாகும். ஆதலின், "இவை ஒன்றுபோல் இருக்கின்றன" என்று நம் பிள்ளைகள் கூறும்போது, "எதனால்?" என்று மறுவினா எழுப்பப் பழக்குவோமாக. அறிவியல் வளர்ந்தது அவ்வினாவினாலேயே.