ஆஸ்துமா ஆராய்ச்சியும் சுண்டெலியின் சான்றும்

வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணி, வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாத உயிரினமாகும். மனித உடலினின்று உதிரும் தோல் துகள்களே அதன் உணவு. மெத்தையும் தலையணையும் அதன் உறைவிடம். வீட்டுத் தூசியினால் விளையும் ஒவ்வாமைக்கு இவ்வுண்ணியே முக்கிய மூலம் என்பதை 1960-களில் நெதர்லாந்தின் லெய்டன் நகர விஞ்ஞானிகளான வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோர் எடுத்துக்காட்டினர். ஈரப்பதம் மிகுந்த இடங்களில் இது செழித்து வளர்வதால், இந்தியாவின் கடலோர மாநிலங்களுக்கும் இது அக்கறைக்குரிய செய்தியே.

ஆஸ்துமாவுக்கு மருந்து காணும் முயற்சியில் ஆராய்ச்சிக்கூடங்கள் பெரிதும் சுண்டெலியையே சார்ந்துள்ளன. ஆனால் சுண்டெலிக்கு இந்நோய் இயல்பாக வருவதில்லை. அதனை உண்டாக்கவே வேண்டியுள்ளது. நெடுங்காலம் கோழிமுட்டையின் வெண்கருப் புரதமும் அலுமினிய உப்பும் சேர்த்து வயிற்றறையில் ஊசி வழியே செலுத்தப்பட்டன. மனிதருக்கு நோய் இவ்வாறு வருவதில்லை. பின்னர் உண்ணியின் சாற்றையே மூக்கின் வழியாகச் செலுத்தும் முறை பரவியது. சாற்றிலுள்ள நொதிகள் மூச்சுக்குழலின் உட்படலத்தைத் தாமே தூண்டுவதால் துணைப்பொருள் தேவைப்படுவதில்லை. இது மெய்ந்நிலைக்கு நெருங்கியதோர் முன்னேற்றமாகும்.

எனினும் வேற்றுமைகள் பல. சுண்டெலியின் மூச்சுக்குழல் மனிதருடையதைவிடக் குறைந்த அளவே கிளை பிரிகிறது. சளிச் சுரப்பிகள் பெரும்பாலும் அதன் மூச்சுப்பெருங்குழலோடு நின்றுவிடுகின்றன. மனிதர் பல்லாண்டுகள் தூசியைச் சுவாசிக்கின்றனர். சுண்டெலி சில வாரங்களே சுவாசிக்கிறது. ஆய்வுச் சுண்டெலிகள் ஒரே மரபினத்தைச் சேர்ந்தவை, நோயாளிகளோ பலதிறத்தினர்.

இவ்வேற்றுமைகளின் விளைவை இன்டர்லூகின்-5 என்ற புரதத்தின் வரலாறு விளக்குகிறது. இப்புரதம் இல்லாத சுண்டெலிகளில் இயோசினோஃபில் வெள்ளணுக்களின் பெருக்கமும் மூச்சுக்குழலின் மிகையுணர்வும் தோன்றவில்லை என 1996-இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று கண்டது. அது வெண்கருப் புரத முறையில் அமைந்த ஆய்வாகும். ஆனால் 2000-ஆம் ஆண்டில் வெளியான மனிதச் சோதனையில், இப்புரதத்தைத் தடுக்கும் மருந்தினால் வெள்ளணுக்கள் குறைந்தனவேயன்றி மிகையுணர்வு தணியவில்லை. மருந்து பயனற்றது என்றே பலரும் எண்ணினர். 2009-இல், வெள்ளணுக்கள் மிகுந்த நோயாளிகளை மட்டும் தேர்ந்து சோதித்தபோது, கடும் மூச்சுத்திணறல் தாக்குதல்கள் குறைந்தன. 2015-இல் மெப்போலிசுமாப் என்னும் அம்மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இங்கே சுண்டெலி பொய்ச்சான்று கூறவில்லை. எந்த அணுவை எப்புரதம் வளர்க்கிறது என்ற வினாவுக்கு அது சரியாகவே விடையளித்தது. எந்த நோயாளிக்கு, எந்தத் துன்பம் குறையும் என்ற வினாவுக்கு விடையளிக்கும் ஆற்றல் அதற்கில்லை. இவ்வேறுபாட்டை உணரத் தாமதமானதால் நோயாளிகளுக்குச் சேரவேண்டிய பயனும் தாமதமாயிற்று.

மனித உயிரணுக்களைக் கொண்டு அமைக்கும் சோதனை முறைகளுக்கு 2023-இல் இந்திய அரசு திருத்திய புதிய மருந்துகள் விதிகள் இடமளித்துள்ளன. சுண்டெலியை அடியோடு கைவிடுதல் இதன் பொருளன்று. ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் அலுவலரும், ஆய்வில் இறங்கும் மாணவரும், எவ்வினாவுக்கு எவ்வுயிரிடம் விடை தேடப்படுகிறது என்பதை முதலில் தெளிந்து கொள்ளுதல் வேண்டும். செலவிடும் பொருளும், சோதனைக்கு உட்படும் உயிர்களும் அப்போதுதான் பயன் தரும்.