ஸ்காபா ஃப்ளோ: அவங்களே மூழ்கடிச்ச கப்பல்கள்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "முங்கணும்னா அந்தமான் இருக்கே, எதுக்குங்க அந்தக் குளிர்ல?" அந்தமான்ல மீன் பார்க்கலாம். மூழ்கிக் கிடக்கிற ஒரு கடற்படையைப் பார்க்கணும்னா, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளுக்குத்தான் போகணும்.

தீவுகள் சுத்தி வளைச்ச ஒரு பெரிய கடல்பரப்பு, பேரு ஸ்காபா ஃப்ளோ. முதல் உலகப் போர் 1918 நவம்பர்ல நின்னதும், ஜெர்மன் கடற்படையோட 74 கப்பல்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தி வெச்சாங்க. சமாதானப் பேச்சு இழுத்துக்கிட்டே போச்சு. கப்பல்கள் எதிரி கைக்குப் போயிடக் கூடாதுன்னு, அட்மிரல் லுட்விக் ஃபான் ராய்ட்டர் 1919 ஜூன் 21 அன்னிக்கு எல்லாத்தையும் மூழ்கடிக்கச் சொல்லிட்டார். அவங்க ஆளுங்களே வால்வுகளைத் திறந்து விட்டாங்க. 52 கப்பல் உள்ளே போச்சு. அன்னிக்குப் பார்த்து ஸ்ட்ரோம்னெஸ் ஊர் பள்ளிக்கூடப் பிள்ளைங்க படகுல சுத்திப் பார்க்க வந்திருந்தாங்க. என்ன ஒரு ஸ்கூல் டூர்!

அப்புறம் எர்னஸ்ட் காக்ஸ்னு ஒரு பழைய இரும்பு வியாபாரி வந்தார். கவிழ்ந்த கப்பலுக்குள்ள காத்தை அடிச்சே மிதக்க வெச்சவர். அவரும் அவருக்குப் பின்னாடி வந்தவங்களும் எடுத்தது போக, இன்னிக்கு ஏழு பெரிய கப்பல் மிச்சம். அந்த இரும்புக்குத் தனி மவுசு உண்டு. அணுகுண்டு சோதனைகளுக்கு அப்புறம் காத்துல கதிரியக்கத் துகள் கலந்துடுச்சு. எஃகு உருக்கும்போது அதுவும் உள்ளே போயிடும். நுட்பமான கதிரியக்க அளவுக் கருவிகளுக்கு அதனால பழைய எஃகுதான் வேணும்னு தேடினாங்க. நாலு வருஷ இன்ஜினியரிங்ல ஒரு வாத்தியாரும் இதைச் சொல்லல.

நான் போனது செப்டம்பர்ல. தண்ணி 13 டிகிரி, அங்கே அதுதான் கதகதப்பான சீசன். போட்டுக்கிட்டது டிரை சூட். தண்ணி உள்ளே வராது. உள்ளே கனமான உடுப்பும் காத்தும்தான். ஆனா அந்தக் காத்துதான் பாடாய்ப் படுத்தும். கீழே போகப் போக அது சுருங்கி, சூட் உடம்பைக் கவ்வும். கொஞ்சம் கொஞ்சமா காத்து விட்டுக்கணும். மேலே வரும்போது விரியும். வெளியேத்தலேன்னா ஆளையே பலூன் மாதிரி தூக்கிட்டுப் போயிடும். ரெகுலேட்டருக்கும் குளிர் ஆகாது. சிலிண்டர் காத்து விரியும்போது ஜில்லுன்னு ஆகும். ரொம்பக் குளிர்ந்த தண்ணியில உள்ளே ஐஸ் பிடிச்சு, வால்வு மூடாம, காத்து மொத்தமும் கொட்டிப் போகலாம். அதனால குளிர்நீருக்குன்னே செஞ்ச ரெகுலேட்டர் வேணும்.

'க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம்', 1916 ஜட்லாந்து சண்டையில இருந்த போர்க்கப்பல். சுமார் 38 மீட்டர் ஆழத்துல கவிழ்ந்து கிடக்கு. கயித்தைப் பிடிச்சு இறங்க இறங்க பச்சை போய் இருட்டு. எதிர்ல சுவர் மாதிரி தெரிஞ்சது கப்பலோட அடிப்பக்கம். அது ஓரமா இன்னும் கீழே போனா, டார்ச் வெளிச்சத்துல 12 அங்குல பீரங்கி. நாங்க நெருங்குறதுக்குள்ள கூட வந்தவர் கையைக் காட்டினார்: விரல் மடங்கல. விரல் வேலை செய்யலேன்னா வால்வைத் திருக முடியாது. பீரங்கிக்குப் பத்தடி இருக்கும்போதே திரும்பிட்டோம். மேலே வர்ற வழியில கம்ப்யூட்டர் சொன்னதைவிடக் கூடுதலாவே நின்னோம். உடம்பு விறைச்சா ரத்த ஓட்டம் குறையும், நைட்ரஜன் வெளியேற நேரமாகும்.

இந்த ஏழு கப்பலையும் பார்க்கலாம், எதையும் எடுக்கக் கூடாது. அதே ஸ்காபா ஃப்ளோவில் இன்னொரு கப்பல் இருக்கு, பிரிட்டனோட 'ராயல் ஓக்'. அனுமதி இல்லாம இறங்கவே கூடாது. 1939 அக்டோபர் 14 அன்னிக்கு ஜெர்மன் நீர்மூழ்கி யு-47 அடிச்சதுல 835 பேர் செத்தாங்க. நூத்துக்கும் மேல பதினெட்டு வயசு நிறையாத பசங்க. நிறைய பேர் இன்னும் உள்ளேதான். வருஷா வருஷம் கடற்படை டைவர்கள் இறங்கி, தண்ணிக்கடியில கொடியை மாத்துறாங்க. கப்பலோட மணி கிர்க்வால் தேவாலயத்துல இருக்கு, போய்ப் பார்த்தேன்.

அன்னிக்கு ராத்திரி சூப் குடிக்கும்போது ஒருத்தர் கேட்டார், "அனுமதி கொடுத்தா இறங்குவியா?" மாட்டேன்னேன். ஆள் இறங்கினப்புறம் மூழ்கின கப்பல் வேற, ஆளோட மூழ்கினது வேற. அவரோ, "யாரும் பார்க்கலேன்னா மறந்துடுவாங்கப்பா"ன்னார். அந்தச் சண்டை இன்னும் எங்க குரூப்ல ஓடிட்டிருக்கு. நீங்க எந்தப் பக்கம்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறேன்.