தண்ணி எங்கே போகுது?
(தோட்டச் சாரதிகள், லொறி உதவியாளர்கள் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)

 

நலன்புரிக்காரருக்கும் லொறி எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் யாரோ கேட்டது எங்கள் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். மகப்பேறு, பிள்ளைப் பராமரிப்பு நிலையம், மலசலகூடம் இதுகளைப் பற்றித்தான் நாங்கள் வழமையாகப் பேசுவோம். ஆனால் ஒரு சாரதியின் சம்பளத்தில் மாதா மாதம் காசு வெட்டப்பட்டதால் இந்த விசயத்துக்குள் நாங்கள் இறங்க வேண்டி வந்தது. எஞ்சினைப் பற்றி நாங்கள் படித்தது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நடந்ததைச் சொல்கிறோம். தோட்டத்துக் கடைக்கு அரிசியும் கருவாடும் ஏற்ற ஒரு பழைய இசுசு எல்ஃப் லொறி கல்முனைக்குப் போய் வரும். இறங்கும்போது வெறும் லொறி. திரும்பும்போது சம்மாந்துறை ஆலை அரிசி மூட்டைகளோடு அம்பாறை, உகணை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஏறி வரவேண்டும். சாரதி எங்களை விட மூத்தவர், கல்முனை ஆள். நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். றேடியேற்றரில் தண்ணீர் குறையுது என்று அவர் பல தடவை சொன்னார். கீழே ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை. கராஜில் இறப்பர்க் குழாய் மாற்றினார்கள், வோட்டர் பம்ப் மாற்றினார்கள், றேடியேற்றரைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தார்கள். மூன்று தடவை காசு கட்டியும் தண்ணீர் குறைந்துகொண்டேதான் இருந்தது. கடைசியில் ஒருநாள் பசறைக்கு இந்தப் பக்கம் லொறி கொதித்து நின்றுவிட்டது. சாரதி தண்ணீர் பார்க்காமல் ஓட்டியதுதான் காரணம் என்று எழுதி, கட்டி இழுத்த கூலியையும் கராஜ் கணக்கையும் அவர் சம்பளத்தில் கழிக்கத் தொடங்கினார்கள்.

காக்கா எங்கள் கந்தோருக்கு வந்து, "சேர், நான் ஊத்தின தண்ணிக்கு யாரு சாட்சி?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் எங்களுக்கு வழி காட்டியது. சாட்சி இல்லையென்றால் சாட்சியை உண்டாக்குவோம் என்று ஒரு ஐம்பது பக்கக் கொப்பி வாங்கிக் கொடுத்தோம். எந்த இடத்தில், எத்தனை கிலோமீற்றரில், எவ்வளவு தண்ணீர் ஊற்றியது, அப்போது பாரம் இருந்ததா இல்லையா என்று எழுதச் சொன்னோம். அளவுக்கு ஒரு லீற்றர் போத்தல். எப்போதும் எஞ்சின் ஆறிய பிறகு, காலையில், ஒரே மட்டத்துக்கு ஊற்றவேண்டும்.

இதில் ஒரு சின்ன விசயம் கவனியுங்கள். றேடியேற்றரை முழுதாக வடித்து நிரப்பினால் உள்ளே காற்று அடைபட்டிருக்கும். முதல் இரண்டொரு ஓட்டத்தில் அந்தக் காற்று வெளியேற மட்டம் தானாக இறங்கும். பக்கத்து பிளாஸ்டிக் போத்தலில் கோட்டுக்கு மேலே நிரப்பினாலும் சூட்டில் விரிந்து மேலதிகம் வெளியே போகும். இரண்டும் பழுது அல்ல. அதனால் முதல் சில நாட்களின் கணக்கை நாங்கள் சேர்க்கவில்லை.

இறங்கும்போது குறைவே இல்லை. ஏறும்போது மட்டும் ஒன்று, ஒன்றரை லீற்றர். நாலு பயணம் எழுதிய பிறகு கொப்பி சொன்னது இதுதான். தண்ணீர் குறையுது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த காலம் முழுக்க இது யாருக்கும் தெரியாது.

இனி ஒழுக்குத் தேடுவது எப்படி என்று பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கு பல வகை. சூடான எஞ்சினில் கசியும் தண்ணீர் கீழே விழுமுன் ஆவியாகிவிடும். ஆனால் கசிந்த இடத்தில் வெள்ளையாக, கூலன்ற் கலந்திருந்தால் பச்சையாகவோ சிவப்பாகவோ, உப்புப் பூத்த மாதிரி ஒரு தடம் இருக்கும். குழாய் கவ்வும் இடங்கள், வோட்டர் பம்புக்குக் கீழே உள்ள சின்னத் துவாரம், எஞ்சின் பக்கவாட்டில் அடித்திருக்கும் வட்டத் தகர மூடிகள், இவற்றை ரோச் அடித்துப் பாருங்கள். அந்தத் தகர மூடிகள் உள்ளிருந்து துருப்பிடித்து வரும், வெளியில் கடைசி வரை நல்லாத்தான் இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த வண்டி என்றால் குளிருக்கு வைத்த ஹீற்றர் உள்ளே இருக்கும். நமக்கு அது தேவையில்லை, ஆனால் அதற்குள்ளும் தண்ணீர் ஓடுகிறது. கால்மிதிப் பக்கம் ஈரமாக, இனிப்பு மணம் அடித்தால் அங்கே பாருங்கள். இராத்திரி லொறிக்குக் கீழே பழைய கடதாசி விரித்து வைப்பதும் நல்ல வேலை.

அடுத்தது றேடியேற்றர் மூடி. விலை குறைந்த சாமான் என்று யாரும் கவனிப்பதில்லை. மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அடித்திருக்கும். அந்த அழுத்தம் வரை அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். 0.9 மூடி ஒழுங்காக வேலை செய்தால் தண்ணீர் கொதிக்கக் கிட்டத்தட்ட 120 பாகை வரை போகவேண்டும். ஸ்பிறிங் தளர்ந்தால் அது நூறிலேயே கொதிக்கும். நுவரெலியா உயரத்தில் இன்னும் மோசம், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். மூடியின் நடுவில் சின்ன வால்வு ஒன்றும் இருக்கிறது. எஞ்சின் ஆறும்போது போத்தல் தண்ணீரை உள்ளே திருப்பி எடுப்பது அதுதான். அது இறுகிப் போனால் போத்தல் நிறைந்திருக்கும், றேடியேற்றர் குறைந்திருக்கும், மேல் குழாய் சப்பிப் போயிருக்கும். எங்கள் லொறிக்கு மூடி மாற்றியும் பார்த்தோம். குறைவு நிற்கவில்லை.

உள்ளுக்குள் போகிறதா என்றும் பார்க்கவேண்டும். ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால், தண்ணீர் கலந்த ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். ஒயில் மட்டம் கூடியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் எரிகிறது. லேலண்ட் போன்ற பெரிய எஞ்சின் சிலதில் லைனரைச் சுற்றித் தண்ணீர் நேரடியாக ஓடும். அதன் இறப்பர் வளையம் பழுதானால் தண்ணீர் ஒயில் தொட்டிக்கு இறங்கும். எங்கள் லொறியில் ஒயிலும் சுத்தம், புகையும் சுத்தம்.

கல்முனையில் வயதான பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனோம். கைப்பம்ப் பூட்டி 0.9 வரை அழுத்தம் ஏற்றி அரை மணித்தியாலம் வைத்தார். முள் அசையவில்லை. ஒழுக்கே இல்லை என்று எழுதித் தரக்கூடிய நிலைமை. அந்த மனிதர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, எங்கட ஊர்ல மேடு எங்க கிடக்கு? மருதமுனையில இருந்து அக்கரைப்பற்று மட்டும் ஓடினாலும் எஞ்சினுக்கு மூச்சு வாங்காது. இது பாரத்தோட ஏறினாத்தான் காட்டும்" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். டீசல் எரியும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், தண்ணீர்ப் பக்கத்து அழுத்தத்தைப் போல அறுபது, எழுபது மடங்கு. ஹெட் கெஸ்கட்டில் மயிரிழை வழி இருந்தால், பாரத்தோடு ஏறும்போது எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்து அதை மூடிவழியாகத் தள்ளிவிடும். போத்தல் நிரம்பி ஓடுகிற றோட்டில் சிந்திவிடும், யாரும் காணமாட்டார்கள். கைப்பம்ப் கொடுப்பது ஒரு பங்கு அழுத்தம், அதுவும் எதிர்ப்பக்கத்திலிருந்து. அந்த வழி அதற்குத் திறக்காது.

பரிசோதனைக்குச் செலவே இல்லை. றேடியேற்றர் கழுத்திலிருந்து போத்தலுக்குப் போகும் சின்னக் குழாயைக் கழற்றி, இரண்டு லீற்றர் சோடாப் போத்தல் ஒன்றுக்குள் விட்டுக் கம்பியால் கட்டினார். மூடி இறுக்கவில்லை, காற்றுப் போக வழி விட்டார். அரிசி ஏற்றிய லொறியோடு நாங்களும் போனோம். பிபிலை வரை போத்தலில் அரை விரல் தண்ணீர்தான். லுணுகலை ஏற்றத்தில் பாதி தாண்டியது. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை நிற்பாட்டாமல் எட்டிப் பார்த்தோம். போத்தலுக்குள் பொட்டுப் பொட்டாகக் குமிழி வந்துகொண்டிருந்தது. காக்கா ஒன்றும் பேசவில்லை. கொப்பியை எடுத்து நேரத்தை எழுதினார்.

ஹெட்டைக் கழற்றியபோது இரண்டாம் சிலிண்டருக்கும் பக்கத்துத் தண்ணீர்த் துவாரத்துக்கும் நடுவில் கெஸ்கட்டில் கறுப்பாக ஒரு கோடு எரிந்திருந்தது. ஹெட்டும் கொஞ்சம் வளைந்திருந்ததால் லேத்தில் சீவி, புதுக் கெஸ்கட் போட்டார்கள். அதற்குப் பிறகு கொப்பியில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசமில்லை. வசதியுள்ள கராஜில் நீலத் திரவம் ஒன்று வைத்தும் பார்ப்பார்கள். எரிந்த வாயு பட்டால் நிறம் மாறும். அது இல்லாவிட்டால் சோடாப் போத்தல் போதும்.

கொப்பிப் பக்கங்களின் பிரதியை வைத்து நாங்கள் கடிதம் எழுதினோம். வெட்டிய காசு இரண்டு தவணையில் திரும்பி வந்தது. சாரதியின் கவனயீனம் என்று எழுதிய வரியை எடுக்க இன்னும் மூன்று மாதம் அலைந்தோம். காசை விட அந்த வரிதான் காக்காவுக்கு நோவாக இருந்தது.

சூட்டுமானியை மட்டும் நம்பி ஓட்டவேண்டாம் என்றும் சொல்லவேண்டும். தண்ணீர் ஒரேயடியாகக் குறைந்தால் அதன் முனையில் தண்ணீர் படாது; முள் திடீரென்று கீழே இறங்கும். ஆறிவிட்டது என்று நினைத்து மிதித்தால் எஞ்சின் போய்விடும். அப்படி நின்ற எஞ்சினுக்குப் பச்சைத் தண்ணீரை உடனே ஊற்றவும் கூடாது, ஹெட் வெடிக்கும். மஞ்சள் தூள் போட்டால் அடைபடும் என்று சிலர் செய்கிறார்கள். சின்ன ஒழுக்கு ஒன்று வீடு வரை அடைபடலாம், கூடவே றேடியேற்றரின் நல்ல குழாயும் அடைபடும்.

கரையோரக் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் உவர். கேத்தல் அடியில் படியும் அதே காறை எஞ்சினுக்குள்ளும் படியும், இரும்பையும் தின்னும். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது உப்புத் தண்ணீரில் மூழ்கிய வண்டிகளைச் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் பார்த்தவர்களுக்கு உப்பு என்ன செய்யும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. வடித்த தண்ணீரும் கூலன்றும் சரிக்குச் சரி கலந்து ஊற்றுங்கள். வழியில்லாத நேரம் சுத்தமான மழைத் தண்ணீர் உவர்த் தண்ணீரை விட எவ்வளவோ மேல். கூலன்றில் பெரும்பாலும் இருக்கும் எதிலீன் கிளைக்கோல் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. அதைக் குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி லயத்துக்குக் கொண்டு போகாதீர்கள். பிள்ளைகள் குடித்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு.

எங்கள் லொறி வெளியில் நிற்கிறது, இப்போதுதான் ஏறி வந்தது. தேத்தண்ணி குடிக்கும் வரை யாரும் மூடியில் கை வைக்கவேண்டாம். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். மேல் குழாய் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் காக்கா துணி போட்டுத் திறந்து காட்டுவார். கொப்பிகள் மேசையில் இருக்கின்றன, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.