80 ஆயிரம் பெண்களும் எட்டு ஆசிரியர்களும்

 

புற்றுநோய் ஆய்வாளர்களின் வெளியீடுகளும் கூட்டாய்வுகளும் இன்றைய கருத்தரங்கின் பொருள். எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்று தலைமையுரையில் அடுக்குவது வழக்கம். நான் ஒரே ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்கிறேன். 2007இல் லான்செட் இதழில் வந்தது. ஆய்வு நடந்தது திண்டுக்கல் மாவட்டத்தில்.

முதல் ஆசிரியர் ரெங்கசாமி சங்கரநாராயணன். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலிருந்து, பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமைக்குப் போனவர். அவருடைய கட்டுரைப் பட்டியல் நீளமானது. ஆனால் 2005இல் திருவனந்தபுரத்து வாய்ப்புற்று, 2007இல் திண்டுக்கல் கருப்பைவாய்ப் புற்று, 2009இல் மராட்டியத்து உஸ்மானாபாத்தில் எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் வைரஸ்) சோதனை என வரிசையாகப் பார்த்தால், நோய் முற்றுமுன் சோதித்தால் சாவு குறையுமா என்ற ஒரே கேள்வியை அவர் விடாமல் துரத்தியிருப்பது தெரியும்.

திண்டுக்கல்லில் களப்பணியைச் சுமந்தது ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் உள்ள கிறித்தவ மருத்துவமனை. 30 முதல் 59 வயது வரையிலான பெண்கள், 114 ஊர்த்தொகுதிகள். பாதித் தொகுதிகளில் 49,311 பெண்களுக்குச் சோதனை அழைப்பு. மறுபாதியில் 30,958 பேருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். கருப்பைவாயில் 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை, அதாவது ஏறக்குறைய வினிகரை, தடவி ஒரு நிமிடம் பொறுப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவி வைத்துப் பார்த்துச் சதைத்துணுக்கு எடுப்பார்கள். தகுந்தவர்களுக்கு உறையவைக்கும் சிகிச்சையையும் அவர்களே செய்தார்கள். இதன் பயனாக, நோய் தோன்றுவது 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்தன.

சாவு குறைந்தது என்று எப்படித் தெரியும்? யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்பதை ஆண்டுக்கணக்கில் யாராவது தேடிப் பதிய வேண்டும். அம்பிளிக்கையில் ஒரு புற்றுநோய்ப் பதிவேடு இருந்தது. மாவட்டத்துப் பெண் வெளியூர் மருத்துவமனைக்குப் போனாலும் அவர் பெயர் இந்தக் கணக்கில் வந்தாக வேண்டும். வராவிட்டால் மொத்தக் கணக்கும் பிசகிவிடும். கட்டுரையில் எட்டு ஆசிரியர்கள். அம்பிளிக்கை மருத்துவர்கள், லியோன் ஆய்வாளர்கள், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துச் சுவாமிநாதன் என்று பல ஊர்க்காரர்கள் கலந்திருக்கிறார்கள். கூட்டாய்வு என்று நான் மதிப்பது இதைத்தான். கடைசி நேரத்தில் ஒருவர் பெயரை இன்னொருவர் சேர்த்துக்கொள்வதற்கும் இப்போது கூட்டாய்வு என்றுதான் பெயர். பதவி உயர்வுப் படிவங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கட்டுரையிலும் நெருடும் ஓர் இடம் உண்டு. சோதனைக்கு அழைக்கப்படாத பிரிவில் 2006க்குள் 92 பெண்கள் இந்நோயால் இறந்தார்கள். முன்சோதனை உயிர் காக்கும் என்று உலகத்துக்குத் தெரிந்த பிறகும் ஒரு பிரிவைச் சும்மா விட்டது சரியா என்று எதிர்ப்பு எழுந்தது. இங்கே அப்போது ஒழுங்கான சோதனைத் திட்டமே கிடையாது, வினிகர் முறை சாவைக் குறைக்கும் என்பதும் நிரூபணமாகவில்லை என்பது ஆய்வின் பக்கத்து வாதம். அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் எனக்கு அதில் மனம் முழுதாக ஆறவில்லை. மேற்கோள் காட்டுகிறவர்கள் 35 சதவீதத்தோடு அந்த 92ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அம்பிளிக்கையின் வேலை அத்தோடு நிற்கவில்லை. 2009இல் தொடங்கிய எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வில் அதுவும் ஒரு மையம். இரண்டு தவணையா மூன்றா என்பது அதன் கேள்வி. 2010இல் அரசு தடுப்பூசி போடுவதை நிறுத்தச் சொன்னதால் பல சிறுமியர் ஒரே தவணையோடு நின்றார்கள். அவர்களையும் விடாமல் தொடர்ந்து பார்த்ததில், ஒரே தவணையே நன்றாகக் காக்கிறது என்று தெரியவந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணையை ஏற்றபோது இதுவும் ஒரு சான்று. திட்டமிட்ட ஆய்வு குலைந்த பிறகும் கள ஊழியர்கள் கலையாமல் இருந்ததால் கிடைத்த முடிவு இது.

இன்று கட்டுரை வாசிப்பவர்களுக்குத் தலைவர் என்ற உரிமையில் ஒரு விதி வைக்கிறேன். முதல் ஒரு நிமிடத்தில் உங்கள் தரவை யார் திரட்டினார்கள், அதில் எத்தனை பேருடைய பெயர் ஆசிரியர் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகுதான் முதல் ஸ்லைடு. நேரம் கடந்தால் மணி அடிப்பேன். இந்த ஒரு நிமிடத்தை மட்டும் கணக்கில் சேர்க்கமாட்டேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.