இயர்போன் மாற்றும் முன்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குத் தட ரயிலேறி, சுரங்கப்பாதை இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்பவர்கள், தங்கள் இயர்போனில் பாஸ் ஒலி, அதாவது மிருதங்கத்தின் தொப்பியில் எழுவது போன்ற தாழ்ந்த ஒலி, குறைந்துவிட்டதெனக் கருதி, முஸ்தபா சென்டரிலோ கோல்மன் தெருவின் அடெல்ஃபி கட்டடத்து ஒலிக்கருவிக் கடைகளிலோ புதியதற்கு விலை கேட்பதுண்டு. அக்குறை பல வேளைகளில் கருவியில் இருப்பதில்லை. இயர்போனின் சிலிக்கோன் நுனி செவிக்குழாயை இடைவெளியின்றி அடைத்தால்தான் தாழ்ந்த ஒலி செவிப்பறையை முழுமையாக எட்டும். சிறு இடுக்கு இருந்தாலும் அது கசிந்துவிடும். ஒருவரின் இரு செவிக்குழாய்களும் ஒரே அளவில் அமைய வேண்டியதில்லையாதலால், ஒரு காதுக்குச் சிறிய நுனியும் மறு காதுக்கு நடுத்தர நுனியுமாகப் பொருத்திப் பார்ப்பது, பெட்டியோடு வந்தவற்றைக் கொண்டே செய்யத்தக்க, காசு செலவில்லாத சோதனையாகும். இயர்போனின் ஒலி வெளிவரும் துளையை மூடிய வலையில் படியும் காதழுக்கும் ஒலியை மங்கவைக்கும்.

கம்பியில்லா வகையின் லித்தியம் மின்கலம் நாளடைவில் வலுவிழப்பதும், அதனைத் தனியே மாற்றுவது அரிதாயிருப்பதும் உண்மையாதலால், பாதிப் பயணத்திலேயே அணைந்துபோகும் கருவியை மாற்றுவது நியாயமே. அப்போது இரைச்சல் நீக்கம், அதாவது வெளியொலிக்கு எதிர்மாறான அலையை எழுப்பி அதை அடக்கும் வசதி, விலைக்குத் தகுந்தது. ஏனெனில் உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபெலில் வாரம் 40 மணி நேரம் என வகுத்துள்ள பாதுகாப்பு வரம்பு, ரயில் இரைச்சலோடு போட்டியிட்டு ஒலியை 90 டெசிபெலுக்கு ஏற்றினால் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது.