கோம்பைக் குட்டியும் புதிதாய் வளர்ப்போரும்
(போடிநாயக்கனூரில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



சங்கத்தில் கடன் பெற்று மாடு வாங்குகிறவர், பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நாலு பேரை விசாரித்தே வாங்குகிறார். நாய்க்குட்டி விஷயத்தில் மட்டும் அந்த யோசனை நம்மவரிடம் காணோம். யாரோ கொடுத்தார்கள், கொண்டுவந்து கட்டினோம் என்பதோடு சரி.

நமக்கு அண்மையிலுள்ள கோம்பையின் பெயரால் வழங்கும் நாய், செம்பழுப்பு மேனியும் கறுத்த வாயும் உடையது, காவலுக்குப் பேர்போனது, அந்நியரை எளிதில் நம்பாது. அக்குணமே வளர்க்கத் தெரியாதவர் கையில் ஆபத்தாய் முடிகிறது. குட்டியை இருட்டில் அடைத்துப் பட்டினி போட்டால்தான் ரோஷம் உண்டாகும் என்பார் சிலர். இது முழுத் தப்பு. அவ்விதம் வளர்ந்த நாய் பயத்தினாலேயே கடிக்கும். கள்ளனுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அது வித்தியாசம் அறியாது.

எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயினின்றும் பிரிக்கலாகாது. வீட்டிற்கு வந்தபின் முதல் ஒன்றரை மாதமே அதன் குணம் அமையும் காலம். தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் விடாமல், கையிலெடுத்துச் சென்று, விடியலில் ஏலத்தோட்டத்திற்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பையும், குடை பிடித்தவரையும், தலைச்சுமைக்காரரையும், குழந்தைகளையும் அதற்குக் காட்டுங்கள். பெயரிட்டு அழையுங்கள், வந்தால் உடனே வெந்த முட்டைத் துணுக்கு ஒன்று கொடுங்கள். அழைத்து வந்ததை அடிக்கவே கூடாது. அடித்தால் மறுமுறை வராது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷப் பயிற்சி போதும். வீட்டார் அனைவரும் ஒரே சொல்லை வழங்க வேண்டும். அப்பா ‘உட்கார்’ என்றும் பாட்டி ‘குந்து’ என்றும் சொன்னால் குட்டி என்ன செய்யும்?

சோறும் கூழும் மட்டும் போதா. முட்டை, இறைச்சி போன்றவையும் வேண்டும். வெந்த கோழியெலும்பு சிம்பாய் உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம் ஆகாது. கம்பம் பள்ளத்தாக்கில் மலிந்து கிடக்கும் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. இதைப் பலர் அறியார். தோட்டத்தில் மருந்து கலக்கிய தொட்டியருகே அதை விடாதீர்கள். மலையிலிருந்து இறங்கியதும் காதிலும் விரலிடுக்கிலும் உண்ணியும் அட்டையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். காட்டுப்பன்றியின்மேல் ஏவுவதோ, 1972-ஆம் வருஷத்து வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

இனி வெறிநோய். 1885-இல் பாஸ்டியர் என்னும் பிரெஞ்சு அறிஞர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் ஊசி போட்டார். நம் தேசத்தில் குன்னூரில் அவர் பெயரால் 1907-இல் ஒரு நிலையம் ஏற்பட்டது. இவ்வளவு காலமான பின்னும், நோய்க்குறி கண்டவர் பிழைப்பது மிக அபூர்வம். ஊசியோ முன்னதாகப் போட்டால் காக்கிறது. கடிபட்டாலும், நகம் கீறினாலும், சோப்பிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்க. சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் அப்பிக்கொண்டு வீட்டிலிருக்க வேண்டாம். வளர்த்த நாய்தானே என்ற அலட்சியமும் வேண்டாம்.

ஆறாவது வாரத்திலிருந்தே கால்நடை வைத்தியரிடம் காட்டிப் பூச்சி மருந்தும் மற்றத் தடுப்பூசிகளும் அளியுங்கள். வெறிநோய் ஊசி மூன்றாம் மாதத்தில் ஒன்று; பிறகு வைத்தியர் குறிக்கும் நாளில் மற்றொன்று; அப்பால் வருஷந்தோறும். தேதி மறந்துவிடுமென்பவர்கள், கடன் தவணையைக் குறித்துவைக்கும் அதே பக்கத்தில் இதையும் குறித்துக்கொள்ளலாம்.