அலைகளுக்கு ஒரு வேலி



கடல் கடந்து வாழும் நமக்கு ஊரிலுள்ள உறவினரின் குரலே பெருஞ்செல்வம். இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேருக்கும் பர்மாக் கரையை அடுத்த டயமண்ட் தீவுக்கும் இடையே 1905ஆம் ஆண்டிலேயே கம்பியில்லாத் தந்தி நடைபெறலாயிற்று. சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி வடம் 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்றது. ஆயினும், கோபுரத்திலிருந்து நம் கைப்பேசிக்கு வரும் கடைசி வழி காற்றுவழியே.

அவ்வழியில் ஒரு நெருக்கடி உண்டு. செய்தி விரைந்து செல்லப் பல ஆன்டெனாக்கள் அணிவகுத்து நிற்கவேண்டும். அவற்றினிடையே அலைநீளத்தில் பாதியளவு இடைவெளி விடுவது மரபு. 3,500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது சுமார் நாலேகால் சென்டிமீட்டர். சிறு கைப்பேசியில் அத்தனை இடத்திற்கு எங்கே போவது? நெருக்கி வைத்தாலோ, அடுத்தடுத்த திருமணப் பந்தல்களின் ஒலிபெருக்கிகளைப் போல ஒன்றின் அலை மற்றொன்றில் புகுந்து குழப்பும், ஆற்றலும் வீணாகும்.

இதற்கு அறிஞர் கண்ட பரிகாரங்களுள் ஒன்று மெட்டாமெட்டீரியல் என்னும் மீப்பொருள். இது புதியதோர் உலோகம் அன்று. அலைநீளத்தினும் மிகச் சிறிய செப்பு வளையங்களைக் கோலப்புள்ளிகள் போல் வரிசையாகப் பதித்த அட்டையும் மீப்பொருளாகும். அளவறிந்து அமைத்து இரு ஆன்டெனாக்களின் நடுவே வேலிபோல் நிறுத்தினால், குறித்த அலை அண்டைக்குத் தாவுவது வெகுவாகக் குறையும். செம்பினும் அதன் அமைப்பே இங்கு வேலை செய்கிறது. குறையும் இல்லாமலில்லை: ஓர் அமைப்பு ஒரு குறுகிய அலைவரிசைக்கே பொருந்தும், சிறிது ஆற்றல் வெப்பமாய்ப் போய்விடும்.

இக்கருத்தின் வித்து நம் நாட்டிலேயே விழுந்தது. 1898இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், முறுக்கிய சணலினூடே மின்னலைகளைச் செலுத்தி, அலையின் அதிர்வுத்தளம் முறுக்கிற்கேற்பத் திரும்புவதைக் காட்டினார். சணல் ஒன்றே, முறுக்கு மாறப் பயனும் மாறிற்று. பின்னர், 2000ஆம் ஆண்டில், அமெரிக்காவில் டேவிட் ஸ்மித் முதலானோர் செப்பு வளையங்களாலும் கம்பிகளாலும் இயற்கையில் காணாத குணமுள்ள பொருளைச் செய்து காட்டினர்.

நாம் ஆராய்ச்சியாளர் அல்லோம், படித்தறிந்ததைப் பகர்ந்தோம். விலையுயர்ந்த கருவிகள் தீவில் இல்லையே என்று நம் பிள்ளைகள் சோர்தல் வேண்டா. போஸுக்குச் சணலே போதுமானதாயிருந்தது. கருத்தூன்றிப் பௌதிகம் பயிலுக. நாளை இத்தீவுகளின் குரலைத் தெளிவாக்கும் பணியில் நம் சங்கத்துப் பிள்ளைகளின் பங்கும் இருக்கட்டும்.